செங்கோட்டை மலைப்பாதையை மேசைமேல் ஓட்டுவது எப்படி: நினைவிலிருந்து நேர அட்டவணை வரை

1904-இல் திறக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையில், புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட மலைப்பகுதி 2010 செப்டம்பரில் மூடப்பட்டது. 2018-இல் அதே மலையில் அகலப்பாதையாக வண்டி திரும்பி வந்தது. பதிமூன்று கண் பாலத்தை வலுப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். மலையும் குகைகளும் அங்கேயே இருக்கின்றன. பிரம்பு வளையத்தில் டோக்கன் பை (அடுத்த நிலையம்வரை போகும் அனுமதி) மாட்டி நீட்டிய கை, கம்பி இழுபட்டுச் சரிந்த கைகாட்டி, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின்கள் சேர்ந்து ஏற்றிய சின்ன ரேக் (பெட்டித் தொடர்), இவை திரும்பவில்லை. இவற்றைப் பார்த்தவர்களின் நினைவிலும் சில படங்களிலும் மட்டும் மிச்சம்.

அந்த நினைவை ஒரு மாடல் ரயிலாக, அதுவும் நிஜப் பாதையின் ஒழுங்கோடு ஓடும் மாடலாக, எப்படி மாற்றுவது என்பதற்கான வழிகாட்டி இது. இங்கே எடுத்துக்கொள்வது செங்கோட்டை மலைப்பாதை. மானாமதுரையோ விருத்தாசலமோ உங்கள் மனத்தில் இருந்தால் அதே முறையை அங்கே பொருத்திக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மாடல்களில் பணமும் உழைப்பும் தோற்றத்துக்கே போய்விடுகின்றன. பாலத்தின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகச் செதுக்கியிருக்கும். வண்டியோ மின்விசிறி வேகத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கும். தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரை அந்த மேசைக்கு முன்னால் உட்காரவைத்தால், கல்லைப் பார்க்க மாட்டார். "லைன் கிளியர் யார் கொடுத்தது?" என்றுதான் கேட்பார். பாதை காலி, வண்டியை விடலாம் என்று அடுத்த நிலையம் தரும் சம்மதம்தான் லைன் கிளியர். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்படி ஓடினால், அட்டையில் செய்த பாலம்கூட நிஜமாகிவிடும்.

முதல் படி: ஒரு நிலையம், ஒரு ஆண்டு, ஒரு பருவம்

மலைப்பாதை முழுவதையும் செய்ய ஆசைப்படாதீர்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர் சுமார் 49 கி.மீ. 1:87 அளவில் அது அரை கிலோமீட்டருக்கும் மேல். வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும் ஒரே ஒரு சிறு நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் பாதை மலைக்குள் மறையட்டும்.

ஆண்டையும் முடிவு செய்யுங்கள். "பழைய காலம்" என்று ஒரு காலம் ரயில்வேயில் கிடையாது. எஞ்சின், பெட்டியின் நிறம், விளக்கு, பெயர்ப்பலகையின் எழுத்து எல்லாமே ஆண்டோடு மாறும். நீராவி வேண்டுமென்றால் ஒய்.பி., ஒய்.ஜி. வகைகள், எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் தூண், சாம்பல் குழி எல்லாம் கூடவே வரும். நான் 1990களின் டீசல் காலத்தையே பரிந்துரைக்கிறேன். எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜிலேயே போன கொல்லம் மெயில் அப்போதும் உயிரோடிருந்தது. அந்தக் காலத்தில் வேலை செய்த கார்டுகளும் டிரைவர்களும் இன்று ஓய்வுபெற்றுத் தென்காசியிலும் மதுரையிலும் நம்மோடு பேசும் நிலையில் இருக்கிறார்கள். பத்து வருடம் கழித்து இந்த வசதி இருக்காது.

பருவம் அதற்கடுத்த முடிவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சீசன். செங்கோட்டைப் பக்கம் சாரல், மலைக்கு மேற்கே கொட்டும் மழை. கூட்டம், ஈரத் தண்டவாளம், வழுக்கும் சக்கரம், மணல் தூவும் எஞ்சின் எல்லாம் அந்தப் பருவத்துக்கு உரியவை. சித்திரை வெயிலில் அதே நிலையம் வேறொரு இடம். இரண்டையும் ஒரே மேசையில் கலந்தால் எதுவும் ஒட்டாது.

நினைவைக் கேட்டு வாங்குவது

இந்த வேலையின் மிக வளமான பகுதி இதுதான். மரம் அறுக்கத் தொடங்கும் முன் இதற்குச் சில மாதங்கள் ஒதுக்குங்கள்.

"அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்ற பதில்தான் வரும். கேள்வி ஒரு செயலைச் சுற்றி இருக்க வேண்டும். "அண்ணாச்சி, நீங்க டியூட்டிக்கு வந்ததும் முதல்ல தொட்டது எது?" "கைகாட்டி இறக்கினதுக்கு அப்புறம் வண்டி சத்தம் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?" "ரெண்டு வண்டி கிராஸிங்னா எதை முதல்ல உள்ளே எடுப்பீங்க?" "ராத்திரி டோக்கன் கொடுக்கும்போது விளக்கை எந்தக் கையில பிடிப்பீங்க?" இப்படிக் கேட்டால் மனிதர் பதில் சொல்வதற்குள் கை அசையத் தொடங்கிவிடும். அந்தக் கையசைவைக் குறித்துக்கொள்ளுங்கள். உடம்பு நினைவில் வைத்திருப்பதை வாய் மறந்திருக்கும்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். ஸ்டேஷன் மாஸ்டருக்கு மொத்த இயக்கமும் தெரியும். தடம் மாற்றும் பாயிண்ட்ஸ்மேனுக்கு எந்த லூப்பில் (வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கத் தடம்) எந்த நெம்புகோல் முரண்டுபிடிக்கும் என்பது தெரியும். பின் எஞ்சின் டிரைவருக்கு மலை தெரியும். பயணிகளை ஒதுக்கிவிடாதீர்கள். தென்மலையிலிருந்து தினமும் கல்லூரிக்குப் போன ஒருவர், எந்தப் பெட்டி நிழலில் நிற்கும், காப்பிக்காரர் எந்தப் பக்கமிருந்து வருவார் என்று சொல்லிவிடுவார். அலுவலகக் காகிதத்தில் இது எங்கும் இருக்காது.

நினைவு பொய் சொல்லாது, ஆனால் கலந்துவிடும். இருபது வருடத்து நாட்கள் ஒரே நாளாகச் சுருங்கிவிடும். நடைமேடை நீளமாகும், வண்டி வேகமாகும். ஆகவே எந்தச் செய்தியையும் இரண்டாவது சான்றோடு ஒட்டிப் பாருங்கள். அந்தக் காலத்துக் கோட்டத்தின் பணி நேர அட்டவணை கையில் கிடைத்தால் பெரும் புதையல். பொதுமக்களுக்கான அட்டவணையில் இல்லாத கிராஸிங், வேகக் கட்டுப்பாடு எல்லாம் அதில் இருக்கும். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேதிவாரியாகப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கலாம். 2010-க்கு முந்தைய படம் தெளிவாகக் கிடைத்த இடங்களில் லூப் எங்கே பிரிந்தது, கட்டடம் எங்கே இருந்தது என்பதை அளந்துவிட முடியும். ஐ.ஆர்.எஃப்.சி.ஏ. என்ற ரயில் ஆர்வலர் குழுவினர் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த படங்களும் பயணக் குறிப்புகளும் இருக்கின்றன. ஒரு படத்தில் மீட்டர் கேஜ் பெட்டி தெரிந்தால் அதுவே உங்கள் அளவுகோல். சுமார் 19 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் இருக்கும் எதையும் கணக்கிடலாம்.

ஓசைக்கு ஒரு நேரடி வழி இன்னும் திறந்திருக்கிறது. நீலகிரி மலை ரயில் மீட்டர் கேஜ்தான். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே ஒய்.டி.எம்.4 எஞ்சின்கள் வேலை செய்கின்றன. 6 சிலிண்டர் ஆல்கோ எஞ்சின் சும்மா நிற்கும்போது தடுமாறுவதுபோல் துடிப்பதையும், நாட்ச் (எஞ்சின் விசைப் படி) ஏற்றியதும் டர்போ எழும்பும் முன் கரும்புகை கக்குவதையும் அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள். பெட்டிகளையும் பழைய சாதனங்களையும் கிட்டத்தில் பார்க்க திருச்சி, பெரம்பூர் ரயில் அருங்காட்சியகங்கள் உண்டு. ஒன்று சொல்ல வேண்டும். ஓடும் பாதையில் இறங்கி அளவெடுப்பதும், குகைக்குள் நடப்பதும் வேண்டவே வேண்டாம்.

அளவு: இங்கே மீட்டர் கேஜுக்கு ஒரு நல்ல செய்தி

நம் அகலப்பாதை 1,676 மி.மீ. அதை எச்.ஓ. என்ற 1:87 அளவுக்குக் குறைத்தால் 19.3 மி.மீ. வரும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ. ஆகவே பெரும்பாலான இந்திய அகலப்பாதை மாடல்கள் ஒடுக்கமான பாதையில்தான் ஓடுகின்றன. முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்பது தெரியும்.

மீட்டர் கேஜுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1,000 மி.மீ.ஐ 87-ஆல் வகுத்தால் 11.5. எச்.ஓ.எம். என்ற பெயரில் 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி மலை ரயில்களுக்காகப் பேமோ, டில்லிக், பீகோ போன்ற நிறுவனங்கள் செய்வது அது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண் பிடிக்காது. இடம் குறைவென்றால் 1:120 அளவில் எஞ்சினையும் பெட்டியையும் செய்து, எளிதில் கிடைக்கும் 9 மி.மீ. 'N' கேஜ் தண்டவாளத்தில் ஓட்டலாம். அதுவும் கிட்டத்தட்டச் சரியான விகிதம். ஆனால் பெட்டிக்குள் கை வைத்து வேலை செய்ய, கப்ளிங் பிரித்து ஷண்டிங் (பெட்டிகளைக் கழற்றி மாற்றிச் சேர்ப்பது) பார்க்க, 1:87 வசதி. இந்த வழிகாட்டியில் வரும் கணக்கெல்லாம் 1:87-க்கு.

ஒய்.டி.எம்.4-ஐ ஆயத்தமாக வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 12 மி.மீ. அடிச்சட்டம் ஒன்றை வாங்கி, அதன்மேல் முப்பரிமாண அச்சில் எடுத்த உடலைப் பொருத்துவதே நடைமுறை. உடலைவிட அடிச்சட்டத்துக்கு அதிகம் செலவழியுங்கள். மெதுவாக, குதிக்காமல் நகரும் மோட்டார் இல்லாவிட்டால் மீதி எதுவும் பயன்படாது.

மேசையும் பாதையும்

எஞ்சின் 18 செ.மீ., பெட்டி 22 செ.மீ. ஐந்து பெட்டியும் இரண்டு எஞ்சினும் சேர்ந்தால் 146 செ.மீ. லூப்பில் இரு பக்கத்து ஃபவுலிங் மார்க்குக்கும் (பக்கத்துத் தடத்தை மறிக்காமல் வண்டி நிற்க வேண்டிய எல்லைக் குறி) இடையே 165 செ.மீ.யாவது வேண்டும். பாயிண்டுகளுக்கு (தடம் பிரியும் இடங்கள்) இரண்டு பக்கமும் இடம் விட்டால் நிலையம் மட்டும் 2.5 மீட்டர் வரும். அதன் இரு முனையிலும் மலைக்குப் பின்னால், வண்டிகள் கண்ணில் படாமல் காத்துநிற்கும் மறைவு யார்டு: நான்கு தடங்கள் போதும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு பக்கத்து யார்டு செங்கோட்டை, மறுபக்கத்து யார்டு புனலூர்.

நீளம் இல்லாதவர்கள் பெட்டியைக் குறைக்கலாம்; லூப்பைக் குறைத்துவிட்டு நீள வண்டி ஓட்டக் கூடாது. வண்டி லூப்பைவிட நீளமானால் கிராஸிங் என்பதே நடக்காது. கிராஸிங் இல்லாத ஒற்றைப் பாதை மாடல் வெறும் பொம்மை ரயில்.

ஏற்றம் 40-இல் 1 வரை போகலாம். அதற்கு மேல் சிறு எஞ்சின்கள் வழுக்கும். வளைவின் ஆரம் குறைந்தது 60 செ.மீ. பதிமூன்று கண் பாலம் வேண்டும் என்று மனம் கேட்கும். கேட்கட்டும், ஆனால் அதை நிலையத்துக்குள் திணிக்காதீர்கள். பாலத்தில் வண்டி ஊர்ந்து போக முன்னும் பின்னும் இடம் வேண்டும். இடமில்லை என்றால் ஓடையின்மேல் ஒரு கண் பாலம் போதும்.

நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்ற கட்டுமானம் பற்றிச் சுருக்கமாக: கடல்சார் தர ப்ளைவுட், 12 மி.மீ. கீழ்ப்பக்கத்துக்கும் வெட்டு முனைகளுக்கும் வார்னிஷ் அடிக்காவிட்டால் மழைக்காலத்தில் பலகை உப்பித் தண்டவாளத்தை வளைக்கும். தண்டவாளம் 20 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு மீட்டருக்கு 0.3 மி.மீ. நீளும். அதனால் மீட்டருக்கு ஒரு இணைப்பில் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி மின்கம்பி பற்றவையுங்கள். இணைப்புத் தகட்டை நம்பாதீர்கள். தூசிக்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் துணி. கரையானுக்குக் கால்களின் கீழ் மருந்து.

வேகம்

நிஜத்தன்மையைக் கெடுப்பதில் வேகத்துக்கு இணை வேறில்லை. கணக்கு எளிது: ஒரு மீட்டர் தூரத்தை வண்டி கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 313-ஐ அந்த நொடியால் வகுத்தால் 1:87 அளவில் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும்.

30 கி.மீ. வேகத்துக்கு ஒரு மீட்டரைக் கடக்க 10.4 நொடி. 15 கி.மீ. என்றால் 21 நொடி. ஷண்டிங்கில் 8 கி.மீ. என்றால் 39 நொடி. முதல்முறை கடிகாரம் பிடித்துப் பார்க்கும்போது இது தாங்க முடியாத மெதுவாகத் தோன்றும். மலைப்பாதையில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்கு மட்டும் அப்படித் தோன்றாது. கையெட்டும் தூரத்தில் பாறை நகர்வதை அவர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்கள். மலையில் 25-இலிருந்து 30-க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு டி.சி.சி. (ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல்) கட்டுப்பாடு உதவும். 128 வேகப்படி முறையை எடுங்கள். சி.வி. என்பவை எஞ்சினுக்குள் இருக்கும் சிப்பில் நாம் மாற்றக்கூடிய அமைப்புகள். சி.வி.2 எஞ்சின் நகரத் தொடங்கும் மின்னழுத்தம். சக்கரம் மெல்ல அசையும் மிகக் குறைந்த எண்ணில் வையுங்கள். சி.வி.5 உச்ச வேகம். கைப்பிடியை முழுக்கத் திருப்பினாலும் 50 கி.மீ. தாண்டாதபடி குறையுங்கள். சி.வி.3 வேகம் ஏறும் மந்தம், சி.வி.4 குறையும் மந்தம். இரண்டையும் தாராளமாகக் கூட்டுங்கள். வேக்குவம் பிரேக் வண்டி சட்டென்று நிற்காது. டிரைவர் நடைமேடைக்கு வெகு முன்பே யோசிக்கத் தொடங்கியிருப்பார். உங்கள் மேசையில் கைப்பிடியைப் பிடித்திருப்பவரும் அப்படி யோசிக்கும்படி ஆக வேண்டும்.

ஒலிக்கு ஒரு குறிப்பு. ஒய்.டி.எம்.4-இல் இருப்பது 6 சிலிண்டர் ஆல்கோ 251. பெரிய அமெரிக்க எஞ்சின்களின் 12, 16 சிலிண்டர் ஒலிக்கோப்பைப் போட்டால் துடிப்பு மாறிவிடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஓடிய 48 வகுப்பு எஞ்சினில் இதே குடும்பத்து 6 சிலிண்டர்தான். அந்த ஒலிக்கோப்பைத் தேடுங்கள்.

பின் எஞ்சின்

புனலூர்ப் பக்கமிருந்து ஏறும்போது பின் எஞ்சின் தள்ளும். உச்சியில் குகையைத் தாண்டிப் பகவதிபுரம் வந்து செங்கோட்டைக்கு இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பில் பங்கெடுக்கும். டி.சி.சி.யில் சி.வி.19 வழியாக இரண்டு எஞ்சினையும் ஒரே கைப்பிடியில் கட்டிவிடலாம். எளிது, பத்திரம். ஆனாலும் நண்பர் ஒருவர் கூட இருந்தால் அப்படிச் செய்யாதீர்கள். பின் எஞ்சினை அவரிடம் கொடுங்கள். இருவரும் விசிலால் மட்டும் பேசிக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் எஞ்சின் கூவும், பின் எஞ்சின் பதில் கூவும், பிறகு இரண்டும் இழுக்கும். மலைக்குள்ளிருந்து அந்தப் பதில் விசில் கேட்பதை ஒருமுறை அனுபவித்தவர்கள் மறுபடி ஒரே கைப்பிடிக்குப் போக மாட்டார்கள்.

அதற்கு முன் இரண்டு எஞ்சினையும் தனியாக ஓட்டி ஒரே படியில் ஒரே வேகம் வருமாறு சரிசெய்யுங்கள். பின் எஞ்சின் சற்றே மெதுவாக இருப்பது நல்லது. வேகமாக இருந்தால் வளைவில் நடுப்பெட்டி தடம் புரளும். பெட்டிகளுக்குள் எடை சேர்த்து, எல்லாம் ஒரே எடையாக இருக்கும்படி பாருங்கள்.

டோக்கன், கைகாட்டி, லைன் கிளியர்

இதுதான் மொத்த மாடலுக்கும் உயிர். ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி. அதை உறுதிசெய்ய நம் ரயில்வே பரவலாகப் பயன்படுத்தியது நீல்ஸ் பந்து டோக்கன் கருவி. இரண்டு நிலையங்களிலும் ஆளுக்கொரு கருவி, மின்கம்பியால் பூட்டப்பட்டிருக்கும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது ஏதாவதொரு கருவிக்குள் திரும்பப் போகும்வரை இன்னொன்று வராது.

நடப்பது இப்படி. மாஸ்டர் அடுத்த நிலையத்தை மணியடித்து அழைக்கிறார், லைன் கிளியர் கேட்கிறார். அங்கே பாதை காலி என்றால் அடுத்தவர் சம்மதம் தருகிறார். இங்கே கைப்பிடி திரும்புகிறது, பந்து விழுகிறது. அது தோல் பைக்குள் போய், வளையத்தோடு டிரைவர் கைக்குப் போகிறது. ஸ்டார்ட்டர் (புறப்பட அனுமதிக்கும் கைகாட்டி) இறங்குகிறது. கார்டு பச்சைக்கொடி காட்டுகிறார். வண்டி கிளம்பியதும் "வண்டி செக்ஷனுக்குள் வந்துவிட்டது" என்று மணி (செக்ஷன் என்பது இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதை). அந்தப் பக்கம் வண்டி போய்ச் சேர்ந்ததும், கடைசிப் பெட்டியில் எல்.வி. பலகை (அதுவே கடைசி என்று காட்டும் பலகை) இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, பந்தை வாங்கிக் கருவிக்குள் போட்டு, செக்ஷன் காலி என்று மணியடிக்கிறார்கள். எல்.வி. பலகை இல்லையென்றால் பாதி ரேக் நடுமலையில் கழன்று நிற்கிறது என்று அர்த்தம்.

மேசையில் இதைச் செய்ய இரண்டு மரப்பெட்டி, இரண்டு சைக்கிள் மணி போதும். தொடக்கத்துக்கு, செக்ஷனுக்கு ஒன்றாக ஒரு டோக்கன் செய்யுங்கள்: சிறு மரக்கட்டையில் பழைய ஹெட்போன் பின் ஒன்றைப் பொருத்தி, நிலையத்திலுள்ள துளையில் அதைச் செருகினால்தான் ஸ்டார்ட்டர் கைகாட்டிக்கு மின்சாரம் வரும்படி வயரிங். கைகாட்டி இறங்கியபின் டோக்கனை எடுத்து டிரைவரிடம் கொடுங்கள். கட்டை அவர் கைப்பிடிப் பெட்டியின்மேல் மாட்டியிருக்க வேண்டும். இதில் ஒரு குறை: ஒரே திசையில் அடுத்தடுத்து இரண்டு வண்டி விட முடியாது, கட்டை மறுமுனையில் இருக்கும். அந்தக் குறை உறுத்தத் தொடங்கும்போது ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை வைத்துப் பல பந்துக் கருவிக்கு மாறுங்கள்.

கைகாட்டியில் கவனம் வேண்டும். கீழே சரியும் வகை: கை கிடையாக இருந்தால் நில், சரிந்தால் போ. ஒரு திசைக்கு அவுட்டர் (நிலையத்துக்கு வெகு வெளியே), ஹோம் (நிலைய நுழைவில்), ஸ்டார்ட்டர். மீன்வால் வெட்டிய கை வார்னர். அது நிறுத்தக் கைகாட்டி அல்ல, முன்னறிவிப்பு. இடம் சுருக்கியே ஆக வேண்டும். 400 மீட்டர் தூரம் 1:87-இல் 4.6 மீட்டர். ஆகவே அவுட்டரைக் குகை வாயிலுக்குப் பக்கத்தில் நடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு வண்டி அவுட்டரில் நின்று விசிலடிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

"அவுட்டர்ல போட்டுட்டான்" என்று பெட்டிக்குள் எழும் முணுமுணுப்பு நினைவிருக்கிறதா? அதற்கு ஒரு காரணம் உண்டு. எதிரெதிரே இரண்டு வண்டி வரும்போது, உரிய தடுப்பு ஏற்பாடு இல்லாத நிலையத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே எடுக்கக் கூடாது. முதல் வண்டி லூப்புக்குள் முழுசாக வந்து ஃபவுலிங் மார்க்கைத் தாண்டி நின்றபின், பாயிண்டை மாற்றி, அதற்குப் பிறகே இரண்டாவதுக்குக் கைகாட்டி. இந்த ஒரு விதியை மேசையில் பிடிவாதமாகக் கடைப்பிடியுங்கள். பயணிகள் அன்று அலுத்துக்கொண்ட அந்தக் காத்திருப்பு, மாடலில் பார்ப்பவர்களை மேசையைவிட்டு நகரவிடாது.

நேர அட்டவணை எழுதுவது

கட்டத்தாளை எடுங்கள். கீழே நேரம், பக்கவாட்டில் செங்கோட்டை, உங்கள் நிலையம், புனலூர். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் இதைத்தான் சார்ட் என்பார்கள். இரண்டு கோடுகள் நிலையத்தில் மட்டுமே வெட்டிக்கொள்ளலாம். நிலையத்துக்கு வெளியே வெட்டினால் அட்டவணை தப்பு.

பகல் முழுவதற்கும் ஏழெட்டு வண்டி போதும். ஒரு மெயில், இரு பக்கமும் பாசஞ்சர்கள், ஒரு சரக்கு, தனியாகத் திரும்பும் ஒரு பின் எஞ்சின். கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மேலே தள்ளிவிட்ட எஞ்சின் கீழே திரும்ப வேண்டும், அதற்கும் டோக்கன் வேண்டும், அதற்காக ஒரு பாசஞ்சர் காத்திருக்க நேரலாம்.

இனி கடிகாரம். மாடல்காரர்கள் வேகக் கடிகாரம் பயன்படுத்துவார்கள். பலரும் 6:1, அதாவது நிஜத்தில் ஒரு நிமிடம் ஓடினால் மாடலில் ஆறு நிமிடம். மலைப்பாதைக்கு 3:1 போதும் என்பது என் கருத்து. காரணத்தைக் கணக்கிலேயே பாருங்கள். நிலையத்தில் ஐந்து நிமிட நிறுத்தம் 6:1-இல் 50 நொடி. அதற்குள் டோக்கன் வாங்கி, மணியடித்து, கைகாட்டி இறக்கி முடிக்க முடியாது, கைகள் பதறும். 3:1-இல் 100 நொடி கிடைக்கிறது. அடுத்த நிலையம் 6 கி.மீ. தள்ளி என்றால் 30 கி.மீ. வேகத்தில் 12 நிமிடம், 3:1-இல் 4 நிமிடம். கண்ணுக்குத் தெரியும் 4 மீட்டர் பாதையை வண்டி 42 நொடியில் கடந்துவிடும். மீதி நேரம் மறைவு யார்டில் நிற்கட்டும். அந்த நேரத்தில் நிலையம் காலியாகக் கிடக்கும். அதை நிரப்ப அவசரப்படாதீர்கள். சிறு நிலையங்கள் நாளில் பெரும்பகுதி அப்படித்தான் கிடந்தன.

இரவு பகலைச் சுருக்க வேண்டுமானால் கடிகாரத்தை வேகமாக்காமல், வண்டியில்லாத மணிகளைத் தாண்டிவிடுங்கள்.

ஓட்டும் நாள்

நான்கு பேர் இருந்தால் நிறைவு: மாஸ்டர், முன் டிரைவர், பின் டிரைவர், மறைவு யார்டைப் பார்ப்பவர். கடைசி ஆள் இரண்டு பக்கத்து நிலைய மாஸ்டராகவும் மணியடிப்பார். பேச்சு மணியிலும் கொடியிலும் விசிலிலும் மட்டும். கை நீட்டி வண்டியைத் தள்ளக் கூடாது. வண்டி நின்றுவிட்டால் அது பழுது. பழுதான எஞ்சினை மீட்க இன்னொரு எஞ்சின் வர வேண்டும், அதற்கும் முறை இருக்கிறது. தனியாக ஓட்டுபவர்கள் மாஸ்டர் வேலையை எடுத்துக்கொண்டு, வண்டியைக் கணினியிடம் விட்டுவிடலாம். டிரைவராக இருப்பதைவிட அதில் சுவை அதிகம்.

இரண்டு மூன்று முறை ஓட்டிப் பழகிய பிறகு, உங்களுக்கு நினைவுகளைத் தந்த பெரியவர்களை அழைத்து வந்து உட்காரவையுங்கள். புகழ வேண்டாம், தப்பை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடுமானால் மாஸ்டர் பெட்டியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். பேச்சில் வராத பல விஷயங்கள் அங்கே வரும்: மணியடித்தபின் எத்தனை மூச்சு காத்திருப்பார்கள், பதிவேட்டில் நேரம் எழுதாமல் கைகாட்டியைத் தொட மாட்டார்கள் என்பது போன்றவை. பக்கத்தில் ஒரு சிறுவனோ சிறுமியோ பாயிண்ட்ஸ்மேனாக நின்றால் இன்னும் நல்லது. பெரியவர்கள் விளக்கமாகச் சொல்வார்கள், அதைப் பதிவு செய்துகொள்ளலாம்.

மேசையில் ஒரு ரயில் பதிவேடு வையுங்கள். வண்டி எண், லைன் கிளியர் கேட்ட நேரம், தந்த நேரம், வந்தது, போனது, தாமதத்துக்குக் காரணம். ஓட்டம் முடிந்ததும் அதைக் கட்டத்தாளின்மேல் வேறு நிற மையில் வரையுங்கள். எங்கே கோடு திட்டத்திலிருந்து விலகுகிறதோ அங்கே அடுத்த முறைக்கு இரண்டு நிமிடம் கூட்டுங்கள், அல்லது கிராஸிங்கை மாற்றுங்கள். பெரியவர்கள் சொன்ன திருத்தங்களைச் சொன்னவர், பணி, ஆண்டு போட்டுத் தனி நோட்டில் எழுதி, அடுத்த ஓட்டத்துக்கு முன் மாஸ்டராக உட்காருபவரிடம் படிக்கக் கொடுங்கள்.